கடைசியாக முழுதாகக் கேட்டது எது?

இரண்டு சிநேகிதர்கள் சந்தித்தால், மழையையும் விலைவாசியையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, "சமீபத்தில் என்ன படம் பார்த்தீர்கள்?" என்று விசாரித்துக்கொள்வது நம்மிடையே சகஜமான வழக்கம், "என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களும் சொற்பமாக இன்னும் இருக்கிறார்கள், ஆனால், "சமீபத்தில் எந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டீர்கள்?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பதை நான் அபூர்வமாகத்தான் காண்கிறேன். அப்படியே யாராவது கேட்டுவிட்டாலும், கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒரு பாட்டின் பெயராகவோ, ஒரு பாடகரின் பெயராகவோ, அல்லது "போனில் அது பாட்டுக்கு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்" என்ற அலட்சிய வாக்கியமாகவோதான் இருக்கிறது. சங்கீதம் அது பாட்டுக்கு ஓடுவதற்கும், நாம் உட்கார்ந்து அதைக் கேட்பதற்கும் இடையே உள்ள பேதம் சிறியதன்று. கேட்டதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் பழக்கம் நம்மைவிட்டுப் போனதற்கும், ஒன்றை ஆதியோடந்தமாகக் கேட்கும் பழக்கம் போனதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். முழுதாகக் கேட்காதவனிடம் சொல்வதற்கு விஷயம் ஏதும் சேர்வதில்லை.

இசைத்தட்டு நம் தேசத்துக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1902-ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிந்துகொண்டு போனபோது, தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறக்குறைய மூன்று நிமிஷ சங்கீதந்தான். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தாரம் செய்யக் கூடிய வித்துவான்களும் வித்துஷிகளும், அந்த மூன்று நிமிஷத்துக்குள் தங்கள் வித்தையின் சாரத்தைப் பிழிந்து தர வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளானார்கள். அந்த நிர்ப்பந்தம் சங்கீதத்தைக் கெடுத்துவிட்டது என்று அக்காலத்தில் வருந்தியவர்கள் உண்டு. ஆயினும், இருபத்தேழு வயதிலேயே மறைந்துபோன எஸ். ஜி. கிட்டப்பாவின் 'எவரனி' இசைத்தட்டை இன்று கேட்கிறவர்கள், அந்தச் சிறிய அவகாசத்துக்குள் ஒரு மனிதர் எவ்வளவு உயரத்துக்குப் போய்த் திரும்ப முடிந்தது என்று வியக்காமல் இருக்க முடியாது. எல்லை என்பது கலைக்குச் சத்துரு என்று எல்லாச் சமயங்களிலும் சொல்லிவிடுவதற்கில்லை.

பிறகு 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி, நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழலும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குமேல் அவகாசம் கிடைத்தது. அதனோடு கலைஞனுக்கு ஒரு புதிய பொறுப்பும் வந்து சேர்ந்தது. எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, கேட்பவன் எழுந்துபோய்த் தட்டைப் புரட்டிப் போடும் இடைவெளிக்கு முன் எதை அவன் செவியில் விட்டுவைப்பது என்ற கேள்விகளெல்லாம் அப்போது பிறந்தவை. இந்த வரிசை என்னும் விஷயம் நமக்கு அந்நியமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். வர்ணத்தில் தொடங்கி, மத்தியம காலக் கீர்த்தனங்களால் சபையை நிமிர்த்தி, பிரதான ராகத்தை நடுவில் நிறுத்தி, தனி ஆவர்த்தனத்துக்குப் பின் பதம், ஜாவளி, திருப்புகழ் என்று இறங்கிவந்து மங்களத்தில் முடிக்கும் கச்சேரி முறையை, அரியக்குடி ராமாநுஜய்யங்கார் நீண்ட தட்டு பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இங்கே நிலைநாட்டிவிட்டார். அவருடைய கச்சேரியின் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு, மங்களத்தை முதலிலும் வர்ணத்தை இறுதியிலும் வைத்து ஒருவர் நமக்கு அளித்தால், பாட்டு ஒவ்வொன்றும் அப்பழுக்கற்றதாகவே இருந்தாலும், அதைக் கச்சேரி என்று நாம் ஒப்புக்கொள்வோமா?

சமீப காலமாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் சில ஆல்பங்களைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். பிறர் கேட்கும் பழக்கத்தை விமர்சிப்பவன் தன் பட்டியலை மறைத்துவைப்பது நியாயமாகாது. ஆகச் சிறந்தவை இவைதாம் என்று சாதிப்பது என் நோக்கமல்ல. முழுதாகக் கேட்டேன், அந்த வரிசையிலேயே கேட்டேன் என்று சாட்சி சொல்லக் கூடியவை இவை, அவ்வளவே.

முதலாவது, 1967-இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'கால் ஆஃப் தி வேலி'. சந்தூர் வாசித்த சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியா, கிதாரை மடியில் கிடத்தி ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்த பிரிஜ் பூஷண் காப்ரா ஆகிய மூவரும் அப்போது முப்பதை ஒட்டிய வாலிபர்கள். காஷ்மீரத்துப் பள்ளத்தாக்கில் ஓர் இடையனின் ஒரு நாள் வாழ்க்கை என்பதே அந்தத் தட்டின் கற்பனை. விடியற்காலைக்குரிய ஆஹிர் பைரவத்தில் ஆரம்பித்து, பொழுது ஏற ஏற ராகங்கள் மாறி, பஹாடியில் வந்து இரவு முடிகிறது. ஹிந்துஸ்தானி சம்பிரதாயத்தில் ராகத்துக்கு வேளை உண்டு என்ற நம்பிக்கையை ஒரு கதையாகவே இவர்கள் ஆக்கிவிட்டார்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆனந்தமும் உண்டு. சக்கரவாகத்தை அறிந்த செவிக்கு ஆஹிர் பைரவும், மோகனத்தை அறிந்த செவிக்கு பூப் ராகமும், பக்கத்து ஊர் உறவினர்களைப் போல முதல் ஸ்வரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகின்றன. காஷ்மீரத்து ஸூஃபியானா சங்கீதத்தில் பக்கவாத்தியமாக இருந்துவந்த சந்தூரை, தம் தந்தை உமாதத்த சர்மாவின் தூண்டுதலால் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் சிவகுமார் சர்மா. தந்தியைத் தட்டி எழுப்பும் வாத்தியத்தில் கமகமும் மீண்ட் என்ற இழைவும் எப்படி வரும் என்று அந்நாளில் ஆட்சேபித்தவர்களுக்கு அவர் வாசிப்பாலேயே பதில் சொன்னார். இந்தத் தட்டின் நடுவிலிருந்து தேஷ் ராகத்தை மட்டும் பிடுங்கிக் கேட்டால் அது நல்ல தேஷ். முழுதாகக் கேட்டால், அன்றைய வெயிலெல்லாம் தணிந்தபின் வருகிற தேஷ்.

இரண்டாவது, சங்கீத உலகில் பிரசித்தி பெற்றதும், நம்மில் பலர் பெயரளவில் மட்டும் அறிந்திருப்பதுமான மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. 1959-ஆம் வருஷம் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே தினங்களில் நியூயார்க்கில் பதிவான தட்டு அது. டிரம்பெட்டில் டேவிஸ், சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனும் கானன்பால் ஆடர்லியும், பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். ஒரே ஓர் உருப்படிக்கு மாத்திரம் பியானோவில் வின்டன் கெல்லி. அதற்கு முந்தைய ஜாஸ் சங்கீதம், கணத்துக்குக் கணம் மாறும் ஸ்வரக் கூட்டுகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிற வித்தையாக வளர்ந்திருந்தது. டேவிஸ் அந்த ஓட்டத்தை நிறுத்தினார். சகாக்களிடம் சில ஸ்வர வரிசைகளின் குறிப்பை மட்டும் கொடுத்து, அதற்குள்ளேயே சாவகாசமாக உலாவும்படி சொன்னார்.

முதல் உருப்படியாகிய 'ஸோ வாட்' தாளக் கட்டுக்குள் வராத ஒரு முகவுரையோடு தொடங்குகிறது. பியானோவும் பாஸும் ஒன்றையொன்று தயங்கித் தயங்கித் தேடுகின்றன. பிறகு பாஸ் ஒரு வாக்கியத்தைச் சொல்ல, மற்ற வாத்தியங்கள் இரண்டே அடிகளில் அதற்குப் பதில் சொல்கின்றன. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரக் காரணம் இருக்கிறது: மேற்கத்தியர் டோரியன் என்று வழங்குகிற அந்த ஸ்வர வரிசை நம்முடைய கரஹரப்பிரியாவின் வரிசையேதான். கமகம் வேறு, பிடிப்பு வேறு, பாவம் வேறு. எனினும் வீட்டின் அஸ்திவாரம் அதுவே. பதினாறு அட்சரக் கட்டுகள் ஒரு சுருதியில் நின்று, அடுத்த எட்டுக்கு ஆதார சுருதியையே அரை ஸ்வரம் மேலே தூக்கிவைத்து, மறுபடி எட்டுக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவருவது அந்த உருப்படியின் அமைப்பு. கச்சேரியின் நடுவில் தம்புராவின் சுருதியை ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றி இறக்கினால் நம் சபையில் என்ன கலவரம் உண்டாகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே அதுவே அழகாகியிருக்கிறது. கோல்ட்ரேன் பின்னாளில் இந்திய சங்கீதத்தில் ஈடுபாடு கொண்டு, ரவி சங்கரின் நினைவாகத் தம் புதல்வருக்கு ரவி என்று பெயரிட்டது தற்செயலான செய்கையாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு; அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மார்ச் மாதத்துப் பதிவின்போது ஒலிப்பதிவு யந்திரம் சற்றே மந்த கதியில் ஓடியதால், தட்டின் முதல் பக்கம் முழுதும் இருக்க வேண்டிய சுருதியைவிடக் கொஞ்சம் ஏறியே ஒலித்துவந்தது. 1990-களில் வெளிவந்த மறுபதிப்புகளில்தான், அன்றைக்கு உடன் ஓடிய வேறொரு யந்திரத்தின் நாடாவைக் கொண்டு இந்தப் பிழை திருத்தப்பட்டது. முப்பது வருஷங்களுக்கு மேலாக, உலகத்தின் உன்னதமான தட்டுகளில் ஒன்றென்று கொண்டாடிக்கொண்டே, ரசிகர்கள் அதைத் தவறான சுருதியில் கேட்டிருக்கிறார்கள். தட்டோடு கூட வாசித்துப் பழக முயன்ற வித்தியார்த்திகள், தங்கள் வாத்தியம் சேரவில்லையே என்று எத்தனை தரம் தங்களையே நொந்துகொண்டிருப்பார்களோ!

டேவிஸ் அந்தத் தட்டைப் பதிந்த இடம், ஒரு பழைய தேவாலயத்தைக் கொலம்பியா கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிவைத்திருந்த முப்பதாவது தெருக் கட்டடம். அதே கூடத்தில், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1955 ஜூனில், கானடா தேசத்திலிருந்து வந்த கிளென் கூல்ட் என்ற இருபத்திரண்டு வயது பியானோ வித்துவான், மேற்கத்திய இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற கிருதியைப் பதிந்திருந்தார். ஓர் எளிய கீதம். அதன் அடிநாதத்தைப் பற்றிக்கொண்டு முப்பது ரூப பேதங்கள். கடைசியில் மறுபடியும் அதே கீதம், ஓர் எழுத்தும் மாறாமல். முதலில் கேட்டதையேதான் முடிவிலும் கேட்கிறோம். ஆனால் நடுவே முப்பது வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறோம். வரிசையைக் குலைத்தால் உயிரே போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

கூல்ட் 1964-இல் மேடைக் கச்சேரிகளை அடியோடு நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவே தம் கலைக்குரிய இடம் என்று ஒதுங்கிவிட்டார். பிறகு 1981-இல், அதே கூடம் மூடப்படுவதற்குச் சிறிது முன்பு, அதே கிருதியை மறுபடி பதிந்தார். வாலிபத்தில் முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடித்ததை, இப்போது ஐம்பத்தொரு நிமிஷத்தில் வாசித்தார். அந்த இரண்டாவது தட்டு வெளிவந்த சமயத்தை ஒட்டி, ஐம்பது வயது பூர்த்தியான சில தினங்களில், 1982 அக்டோபர் 4 அன்று அவர் காலமானார். இந்த இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்து முழுதாகக் கேட்பது என் சமீப கால அனுபவங்களிலெல்லாம் பெரியது. இளைஞர் கூல்டிடம் ஒரு வித மேதாவித்தனமான அவசரம் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும், பார் என்று ஓடுகிறார். முதியவராகாமலே முதிர்ந்துவிட்ட கூல்டோ, முதல் கீதத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்த ஸ்வரம் வருமா வராதா என்று நாம் ஏங்கும்படி நிறுத்தி வாசிக்கிறார். இரண்டு தட்டுகளிலும் அவர் வாசித்துக்கொண்டே முனகுவது பின்னணியில் கேட்கும். தந்தை திருத்திக்கொடுத்த, உயரம் குறைந்த பழைய நாற்காலியிலேயே கடைசிவரை உட்கார்ந்து வாசித்தார். எனக்கு முதல் தட்டின்மேல் மரியாதையும் இரண்டாவதன்மேல் பிரியமும் உண்டு. இதற்கு நேர்மாறாகச் சொல்கிற சிநேகிதர் ஒருவரோடு நான் செய்துவரும் வாதம் முடிகிற வழியாயில்லை, முடிய வேண்டும் என்ற ஆசையும் இருவருக்கும் இல்லை.

பாக் என்றவுடன் நம் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்', தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வெளிவந்து பத்து வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும் பஸ்களிலும் அவருடைய பாட்டு ஒலிக்காத வேளையே இல்லை. அப்படிப்பட்ட ஒருவர், பாட்டு வரியும் நடிகர் முகமும் இல்லாமல், வெறும் வாத்தியங்களைக் கொண்டு ஒரு தட்டு செய்தது சாதாரணத் துணிச்சலல்ல. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பிரதான பாத்திரம். ஏழாவது உருப்படியின் பெயர், பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படுவது. தனி வயலினுக்கென்று பாக் இயற்றிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி அதில் ஓட, நம் வயலின் அதற்குமேல் தன் வழியில் பாடுகிறது. அடுத்த உருப்படியின் பெயர், பேசிக்கொண்டிருந்தோம் என்பது. அதற்கும் அடுத்தது, ஒப்பிடாதே என்பது. பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு சம்பாஷணை விளங்குகிறது. கலைத்துப் போட்டுக் கேட்கும் யந்திரத்தில் இந்த ஹாஸ்யம் மறைந்து, ஏழும் எட்டும் ஒன்றையொன்று அறியாத அநாதைகளாகிவிடுகின்றன. இந்த ஆல்பத்தின் துண்டுகளைத் தொலைக்காட்சியிலும் விளம்பரங்களிலும் பின்னணியாகக் கேட்டுப் பழகியவர்கள் அநேகர். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டவர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் 'பஜ கோவிந்தம்' இசைத்தட்டைப் பற்றியும் இதே குறைதான். கோவில் ஒலிபெருக்கிகளின் புண்ணியத்தால் அதைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தட்டின் ஆரம்பத்தில் ராஜாஜியின் குரலில் ஒரு முன்னுரை உண்டென்பதும், ஞானமும் பக்தியும் வேறல்ல என்பதை அவர் தமக்கே உரிய சுருக்கமான ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபின்தான் பாட்டு எழுகிறதென்பதும் இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். முதிர்ந்த அந்தக் குரலின் வறட்சிக்கும், அதைத் தொடர்ந்து வரும் அம்மையாரின் குரலின் செழுமைக்கும் உள்ள தூரமே அந்தத் தட்டின் பாதி அர்த்தம். பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்பவர்கள், நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது நியாயமானதும் கூட. தமிழர்கள் எந்தக் காலத்தில் ஐயா தட்டை முழுதாகக் கேட்டார்கள்? நமக்கு வாய்த்தது சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டு பிறப்பிலேயே தனி உருப்படி. இலங்கை வானொலியில் நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப் போட்டுவிட்டு, நம் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த காலத்திலும், ஒரு படத்தின் பாட்டுக்குப் பின் வேறொரு படத்தின் பாட்டுத்தானே வந்தது? இது உண்மை. ஆனால் அந்த வரிசையையும் ஒரு மனிதர் யோசித்து அமைத்தார். இரவில் எதைப் போடுவது, காலையில் எதைப் போடுவது என்பதை அறிந்த அறிவிப்பாளர் அங்கே இருந்தார். நடுவே அவருடைய குரல் நமக்குத் துணையாக வந்தது.

கேஸட் காலத்திலோ நம் ஜனங்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1980-களில் ஊருக்கு ஊர் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகளில், அறுபது நிமிஷக் கேஸட்டையோ தொண்ணூறு நிமிஷக் கேஸட்டையோ வாங்கிக் கொடுத்து, பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். அந்தத் தாளை எழுத ஒருவர் எடுத்துக்கொண்ட பிரயாசை கொஞ்சமல்ல. இந்தப் பக்கத்தில் ஏழு பாட்டுத்தான் அடங்கும். ஆகவே எது முதல், எது கடைசி, எதை மனமில்லாமல் அடித்துவிடுவது? கடைக்காரரும் சும்மா இருக்க மாட்டார். "இதற்கப்புறம் இது வந்தால் எடுபடாதுங்க" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருக்கும். ஆளுக்கு ஆள் தங்கள் கேஸட்டைச் சிநேகிதர்களுக்கு இரவல் கொடுத்ததும், கொடுத்தது திரும்பாமல் சண்டை வந்ததும் அக்காலத்தவர் அனைவரும் அறிந்த சரித்திரம். அந்தக் கேஸட்டுகள் காப்புரிமைச் சட்டத்துக்கு முற்றிலும் உகந்தவையல்ல என்பது வேறு விஷயம். எல்லையும் வரிசையும் அவற்றில் இருந்தன; கொடுப்பவர் ஒருவரும் வாங்குபவர் ஒருவரும் இருந்தார்கள்.

இப்போது கையிலிருக்கும் போனில் கோடிக்கணக்கான பாட்டுகள் அடங்கியிருக்கின்றன. இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெரிய நகரங்களின் கடைகளில் மட்டுமே கிடைத்த கூல்டின் தட்டு, இன்று கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கும் கிடைக்கிறதென்றால் அது மகத்தான நன்மை. ஆனால் அந்த ஏற்பாட்டின் பொருளாதாரம் வேறு விதமாக வேலை செய்கிறது. ஸ்பாட்டிபை போன்ற சேவையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடிவிட்டால் அதைக் கேட்டதாகவே கணக்கு வைத்துவிடுகிறார்கள். ஆகவே, பாட்டைச் செய்கிறவர்கள் அந்த முப்பது விநாடிக்குள் கேட்பவரைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்று பதறுகிறார்கள், முகவுரைகள் குறுகுகின்றன, சாவகாசமாக எழும் ஆலாபனைக்கு அங்கே ஸ்தானமில்லை. 'ஸோ வாட்' இன்று முதன்முதலாக வெளிவந்தால், அந்தத் தயங்கும் முகவுரையை வெட்டிவிடும்படி யாராவது ஒரு நிர்வாகி டேவிஸுக்கு யோசனை சொல்லக்கூடும். அதற்கு டேவிஸ் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை அவருடைய சுபாவத்தை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம், பத்திரிகையில் அச்சிட முடியாது.

2021 நவம்பரில், அடெல் என்ற ஆங்கிலப் பாடகி தம் '30' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆல்பத்தின் பக்கத்தில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானை முதன்மையாக வைத்திருக்கக் கூடாதென்று கேட்டுக்கொண்டார். ஸ்பாட்டிபை கம்பெனியும் அதற்கு இணங்கி, எல்லா ஆல்பங்களுக்கும் வரிசையாக ஓடுவதையே வழக்கமாக்கியது. ஒரு பொத்தானை இடம் மாற்றுவதற்கு உலகப் புகழ் பெற்ற பாடகி ஒருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது. நம் இசையமைப்பாளர்களில் யாரேனும் இப்படி ஒரு கோரிக்கையை எழுப்பினால் அது செல்லுபடியாகாமல் போகாது என்றே நம்புகிறேன்.

யந்திரமும் நமக்குச் சிபாரிசு செய்கிறதே என்பார்கள். செய்கிறது, நாம் நேற்றுக் கேட்டதைப் போன்ற ஒன்றை இன்று எடுத்து நீட்டுகிறது. அந்தச் சிபாரிசில் யாருடைய கௌரவமும் பணயமாக வைக்கப்படவில்லை. என் சிநேகிதர் ஒருவர் ஒரு தட்டைக் கேள் என்று சொல்லி, நான் கேட்டு, அது சோபிக்காமல் போனால், அடுத்த சந்திப்பில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். நானும் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். அந்த வாக்குவாதத்தில்தான் இருவருடைய செவியும் கூர்மையாகிறது. சபா வாசலில், கச்சேரி முடிந்தபின் காபி டம்ளரோடு நின்று, இன்றைக்கு தோடி ஏன் எடுபடவில்லை என்று வாதாடிய ரசிகர்களாலேயே அந்தக் காலத்து வித்துவான்கள் ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பது நாம் மறக்கத் தகாத விஷயம். யந்திரத்தோடு வாதாட முடியாது. அது கோபித்துக்கொள்வதுமில்லை, திருந்துவதுமில்லை, வேறொன்றை நீட்டிவிடுகிறது.

பிடிக்கும் என்று நாமே அறியாத ஒன்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதும் மனிதர்கள்தாம். 'சக்தி' என்ற குழுவின் முதல் ஆல்பத்தை நான் ஒரு கடம் வித்தியார்த்தி சொல்லித்தான் கேட்டேன். ஆங்கிலேயரான ஜான் மக்லாஃப்லினின் கிதாரைத் தேடி நான் ஒருபோதும் போயிருக்க மாட்டேன். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயகராமின் கடம் ஆகியவற்றோடு, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாகாணத்தின் லாங் ஐலண்டிலுள்ள ஒரு கல்லூரியில் சபையின் முன் வாசித்ததையே அப்படியே பதிந்த தட்டு அது, மூன்றே உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிஷம், மூன்றாவது அரை மணிக்குச் சற்றுக் குறைவு. இவை இரண்டும் குதிரைப் பாய்ச்சல். நடுவே ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாத ஒரு சிறு கீதம். அந்த நடு உருப்படியை மட்டும் தனியாகக் கேட்டவர் அதை இனிமையான மெட்டு என்று சொல்லி நகர்ந்துவிடுவார். இரண்டு பாய்ச்சல்களுக்கு இடையே கேட்டவருக்கு அது மூச்சு வாங்க ஓர் இடம். மக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர் என்பதும், அந்தப் பயிற்சிக்கு ஏற்பக் கிதாரின் குறுக்கே சுருதித் தந்திகளைப் பூட்டிச் செய்வித்துக்கொண்டவர் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதே பெயரில் அந்தக் குழு 2023-இல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் விநாயகராமின் புதல்வர் செல்வகணேஷ் வாசித்திருக்கிறார். மறு வருஷம் அதற்கு கிராமி விருது கிடைத்தது. அந்த வருஷத்து டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். விருது கிடைத்த செய்தியை நம் பத்திரிகைகளெல்லாம் வெளியிட்டன. ஆல்பம் எப்படி இருக்கிறது என்று எழுதியவை எத்தனை?

பத்திரிகைகளைக் குறித்து ஒரு கோரிக்கையும் எனக்கு உண்டு. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்குச் சனிக்கிழமைக்குள் விமர்சனம் எழுதிவிடுகிற தினசரிகள், வாரத்துக்கு ஒரு முறை, அரைப் பத்தி இடத்தை வாசகர்களுக்கு ஒதுக்கித் தரக் கூடாதா? நிபந்தனைகள் அதிகம் வேண்டாம். எழுதுகிறவர் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, அதை அமைத்தவர் அமைத்த வரிசையிலேயே, இரண்டு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் மனம் அலைந்தது, எந்த இடத்தில் திரும்பிவந்தது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். நாகஸ்வரமோ, கானாவோ, புதிதாக வந்த சினிமாப் பாட்டுகளோ, சர்ச் கீதங்களோ, சூஃபிப் பாடல்களோ, யாழ்ப்பாணத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ இளைஞர்கள் வெளியிடும் ராப் தட்டுகளோ, எதுவானாலும் தள்ளுபடி கிடையாது. 'சூப்பர்' என்ற ஒரே வார்த்தையில் அமையும் கடிதங்களை மட்டும் ஆசிரியர் தயவு செய்து நிராகரித்துவிடலாம்.

அப்படி ஒரு பகுதி ஆரம்பமாகும் வரையில் சிநேகிதர்களிடம் வாய்மொழியாகவே இதை நடத்திக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. இந்த வாரத்துக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது, 1988-இல் இளையராஜாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் சேர்ந்து அளித்த 'நதிங் பட் விண்ட்'. இடையனின் குழலாக 1967-ஆம் வருஷத்துத் தட்டில் கேட்ட அதே குழல், இருபது வருஷங்களுக்குப் பின் நம் ஊர்க்காரர் எழுதிய வாத்தியக் கோவைக்கு நடுவில் எப்படி ஒலிக்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பதாக உத்தேசம். முன்பே இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், என் அபிப்பிராயம் உருவாவதற்கு முன்பாகவே எனக்கு எழுதிவிட வேண்டாம். ஒரு வாரம் பொறுத்து எழுதினால், சண்டை போடச் சௌகரியமாக இருக்கும்.